கேட்டுக்கு இந்தப் பக்கம்

மகராசிக்கு,

சாப்பிட ஏதாவது கொடுத்தார்களா? நான் எல்லை கேட்டைத் தாண்டி, எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னை உட்காரவைத்திருக்கும் அறையின் ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது.

உன் பையில் இடம் இருக்கிறதே என்று என் தூக்க மாத்திரையை அதில் திணித்தது நான்தான். அதிகாரி அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது யாருது?" என்றபோது நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். "என்னோடதுதாங்க" என்றாய்.

அடுத்து அவர் என்னிடம், "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும்.

திரும்பி வரப் பார்த்தேன். வெளியேறும் முத்திரை விழுந்துவிட்டதாம், விட மாட்டேன் என்கிறார்கள். ஒரே ஒருமுறை நுழையும் விசாதான் மலிவு என்று அடம்பிடித்தவனும் நான்தானே. சிக்கனமாக ஒரு போன் போதும் என்றேன். அதுவும் என் சட்டைப்பையில்.

டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் என் பெயர்தான் இருக்கிறது, காட்டு. அப்போதும் அது என்னிடம்தான் இருந்தது.

அந்தப் பக்கம் வரும் லாரி டிரைவர் இதைக் கொடுப்பார். "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரும் கேட்டார். "என் சம்சாரம்" என்றேன். அவரிடம் சொல்ல வாய் வந்தது.

இப்படிக்கு,
வரிசையில் உனக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு ஆள்