சுண்டுவிரலை எடுக்கும் முன் ஒருமுறை அளக்கக் கோரி

அனுப்புநர்:
பதினாறு மாதப் பெண் குழந்தையின் தந்தை,
லேத்து இயக்குபவர்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: மகளின் இடது கால் சுண்டுவிரலில் உள்ள நார்க்கட்டி – வரும் வியாழக்கிழமை விரலையே அகற்றவிருப்பது – அதற்கு முன் மறுபடி அளக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

1. ஐந்தாம் மாதத்தில் மகளின் சுண்டுவிரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கிளம்பியது. இளஞ்சிவப்பு, வழவழப்பு, தொட்டால் கெட்டி. வலி இல்லை, தொட்டால் சிரிக்கிறாள். எட்டாம் மாதத்தில் தங்கள் மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். புற்று அல்ல, வெறும் நார்க்கட்டி என்று முடிவு வந்த அன்றுதான் என் மனைவிக்குச் சோறு இறங்கியது. பதினோராம் மாதம் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, மறுபடி வந்துவிட்டது.

2. ஆய்வக அம்மாவிடம் கெஞ்சி, வெட்டியெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்களுக்குள் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்! இவை அங்கே என்ன செய்கின்றன என்று கேட்டேன். “அதுதாங்க இந்தக் கட்டிக்கு அடையாளம். ஏன் வருதுன்னு யாருக்கும் இன்னும் சரியா தெரியல” என்றார். கட்டைவிரலை மட்டும் இது பெரும்பாலும் விட்டுவிடுமாம். ஏன்? அதுவும் தெரியாதாம். இரண்டு நாள் எனக்கு இதே நினைப்பு. பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் தானாகவே வற்றிவிடும் என்றும் அவர்தான் சொன்னார். (தயவுசெய்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நச்சரித்தது நான்.)

3. அதிலிருந்து ஞாயிறுதோறும் பட்டறையில் மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் கருவியால் அளக்கிறேன். இரும்பு என்றால் அசையாது, இவள் உதைக்கிறாள். ஆகவே மதியம் அவள் தூங்கும்போது நான், மனைவி, பட்டறை மேஸ்திரி மூவரும் ஒருவர் அளவை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே அளந்து, சராசரி எழுதுகிறோம். முதல் வாரம் 12.4 மி.மீ. எட்டு வாரம் அசையவே இல்லை. பிறகு இறங்க ஆரம்பித்தது. நேற்று, பதினான்காம் வாரம், 10.6.

4. என் புகார் இதுதான். இந்தத் தாளை வார்டு மருத்துவர், “வீட்ல அளந்ததெல்லாம் கேஸ் ஷீட்ல ஏறாதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். சரி, நீங்களே அளந்து பாருங்கள் என்றேன். “அதான் அப்பவே அளந்தாச்சே” என்றார். கேஸ் ஷீட்டில் உள்ள கடைசி அளவு 12 மி.மீ.; எழுதி நான்கு மாதம் ஆகிறது. அதை வைத்துத்தான் விரலை எடுக்க முடிவாகியிருக்கிறது.

என் தொழிலில், அளவு கூடுதலாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கடைந்து குறைத்துக்கொள்ளலாம். குறைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வியாழனன்று மயக்க மருந்து கொடுக்கும் முன், உங்கள் கருவியால், உங்கள் ஆட்களே ஒருமுறை அளந்து பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். குறையவில்லை என்றால், ஒப்புதல் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். குறைந்திருந்தால், எங்களைக் காத்திருக்க விடுங்கள். முந்தாநாள்தான் அவள் முதன்முதலாகச் சுவரை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தாள். ஐந்து விரலையும் ஊன்றித்தான் நடந்தாள்.

இடம்: லேத்து பட்டறை
நாள்: 11-ஆம் தேதி, திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்) குழந்தையின் தந்தை
(கையொப்பம்) குழந்தையின் தாய்

இணைப்பு: பதினான்கு வார அளவுத் தாள் – ஒன்று.