வாரத்துக்கு ஆறு மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருடத்தில் பள்ளியில் ஐந்து கூட்டங்கள். ஐந்திலும் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் சுவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இனி யார் என்ன சொன்னார்கள் என்பது இந்த நோட்டில் இருக்கும், தேதியோடு.

மகளுக்கு ஒன்பது வயது. கேள்வியை யாராவது வாசித்துக் காட்டினால் பட்டென்று பதில் சொல்வாள். அதே கேள்வியைத் தாளில் கொடுத்தால், முதல் வரியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். சோம்பேறி என்றார்கள். கவனமில்லை என்றார்கள். மருத்துவச் சான்றிதழோடு போய் நின்ற பிறகுதான், சிறப்பாசிரியை வாரத்துக்கு ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுப்பார் என்று ஒப்புக்கொண்டார்கள். பள்ளி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். தேவைப்படும் பிள்ளைகள் பதினொன்று.

ஆறு மாதமாக நடக்கிறது. காலையில் வயிற்றுவலி என்று சொல்வதை மகள் நிறுத்திவிட்டாள்.

இன்று கடிதம் வந்திருக்கிறது: பத்தாம் தேதி 'மறுபரிசீலனைக் கூட்டம்'. எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டை மறுக்கும் கடிதங்களை எழுதுவதுதான் பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு. இல்லை என்று முடிவெடுத்த பிறகுதான் நாங்கள் மறுபரிசீலிப்போம்.

மார்ச் 4, புதன்

"இந்தத் தடவை கோபப்படாதீங்க" என்றாள் மனைவி. சரி என்றேன். அதையும் கோபமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

டயர்க்கடைக்காரருக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே காத்துக்கிடந்து பழக்கமானவர். அவர் மகனும் என் மகள் வகுப்புதான். ஓர் இடத்தில் உட்காரமாட்டான். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். இரண்டு முறை சாலைவரை போயிருக்கிறான். எங்களுக்குள் ஒரு பேச்சு: யாரைக் கூப்பிட்டாலும் மற்றவர் கூட வந்து உட்கார வேண்டும். தனியாகப் போனால் மென்று விழுங்கிவிடுவார்கள்.

போன மாதம் அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். "நான் சொல்றதைச் சொல்றேன் சார், நீங்க அதுக்குச் சட்டை மாட்டிவிடுங்க" என்றார். சொல்லும்போதே அழுதார். நாற்பது நிமிடத்தில் எழுதினேன். கொடுங்கள் என்று கேட்டு நான் எழுதிய கடிதங்கள் குறைவு. அது நன்றாக வந்திருந்தது.

பத்தாம் தேதி வருவீர்களா என்று கேட்டேன்.

"என்ன சார் கேள்வி இது? கடையைப் பூட்டிட்டு வர்றேன்."

மார்ச் 10, செவ்வாய்

அவர் வரவில்லை. போனும் அணைந்திருந்தது.

ஒன்றாம் வகுப்பு அறையில் கூட்டம். அவர்களுக்குப் பெரிய நாற்காலிகள், எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலிகள். முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருக்கும் மனிதன் எதை வாதாடுவது?

தலைமையாசிரியை சிரித்த முகமாகத் தொடங்கினார். "உங்க பொண்ணு ரொம்ப நல்லா வந்திருக்கா சார். இனிமே அவளாவே நிக்கட்டும்."

"பிடிச்சுக்க ஆள் இருக்கிறதாலதான் நிக்கிறா" என்றேன்.

"அவளைவிட அவசரமா இன்னொரு பிள்ளைக்குத் தேவைப்படுது. ஒரு பெற்றோர் எழுதியிருக்காங்க, கேளுங்க." கோப்பைத் திறந்து வாசித்தார்: "எழுதப் படிக்கப் பிந்தினால் பிறகு கற்றுக்கொள்ளலாம், சாலைக்கு ஓடிய பிள்ளையைப் பிறகு திரும்பப் பெற முடியாது."

என் வாக்கியம். நடுவில் இருக்கும் காற்புள்ளிகூட என்னுடையது.

"எங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு சார்."

சிறப்பாசிரியை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவள் அவள்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? அது பொய் என்றா? எழுதியவனுக்கு ஒரு மகள் இருப்பது எழுதும்போது அவன் நினைவில் இல்லை என்றா? ஆறு மணி நேரமும் போயிற்று. "சரிதானே சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஆறாவது முறையாக.

மார்ச் 11, புதன்

கல்லூரியில் என் ஆய்வேட்டைப் பார்த்து எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவனை இருபத்தாறு வருடமாக நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவன்கூட அதை என் எதிரில் வாசிக்க ஏற்பாடு செய்யவில்லை.

மார்ச் 12, வியாழன்

கடைக்கே போனேன். லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாரோட நேரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்போ?"

"போன மாசமே கூப்பிட்டுச் சொன்னாங்க. வெளிய மூச்சு விடாதீங்கன்னாங்க."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முக்கியமா."

பிறகு, தாழ்ந்த குரலில்: "உங்க பொண்ணு வகுப்புலயாவது உக்காந்திருக்கா சார். எம்பையன் லாரிக்கு முன்னாடி நிக்கிறான்."

"நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க ஒரு கடிதம் எழுதியிருப்பீங்க. உங்க கடிதத்துக்கு முன்னாடி நான் என்னத்தைக் கொண்டுபோய் வைக்கிறது?"

வண்டியை எடுத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "முன்சக்கரத்துல காத்து இறங்கியிருக்கு சார், அடிச்சுட்டுப் போங்க."

இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போய் வேறு கடையில் அடித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

அறிவியல் தேர்வுத்தாள் வந்தது. பத்துக் கேள்வியில் ஏழு வெற்று. சமையலறையில் நின்றபடியே அந்தப் பத்தையும் வாசித்துக் காட்டினேன். ஒன்பதுக்குச் சரியாகச் சொன்னாள். தாளில் சிவப்பு மையில் 'முயற்சி போதாது'. இந்த லட்சணத்தில் ஆண்டுத்தேர்வு வந்தால் அவளை அதே வகுப்பில் வைத்துவிடுவார்கள்.

"அந்த டீச்சர் இப்ப அவன்கூட இருக்காங்கப்பா" என்றாள். டயர்க்கடைக்காரர் மகனைச் சொல்கிறாள்.

"உனக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா அவன் ஓடினா எங்க எல்லாரையும் உள்ள வச்சுக் கதவைச் சாத்திடுவாங்க. விளையாட விடமாட்டாங்க. இப்ப விடுறாங்க."

இவளுக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் என்னடாவென்றால் விளையாட்டு நேரத்தைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் இன்று காலையில் மறுபடி வயிற்றுவலி என்றாள்.

மார்ச் 21, சனி

கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். மூன்று பக்கம். ஒவ்வொரு வரியும் கத்தி. மனைவியிடம் கொடுத்தேன். ஈரக் கையோடு நின்றே வாசித்தாள்.

"ஏங்க, இதுல ஸ்கூல் எங்க?"

"எல்லாம் ஸ்கூலைப் பத்தித்தானே?"

"ரெண்டு பக்கம் அந்த மனுஷன். அரைப் பக்கம் நாற்காலி. ஒரே ஒரு டீச்சரை நடுவுல விட்டுட்டுப் பதினோரு வீட்டையும் அடிச்சுக்க வச்சிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் அடிச்சுக்கிறீங்க."

அவளும் அவர் பக்கம். எல்லோரும் அவர் பக்கம்.

மார்ச் 22, ஞாயிறு

பேசவில்லை. அவள் அறிவியல் பாடத்தைப் போனில் தன் குரலில் பதிவு செய்துகொண்டிருந்தாள், மகள் கேட்பதற்காக. எனக்கு இது தோன்றவில்லை. நான் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

மருந்துக்கடை வரிசையில் சிறப்பாசிரியை எனக்குப் பின்னால் நின்றார். பார்க்காததுபோல இருந்தேன். அவரே பேசினார்.

"அந்தக் கடிதம் உங்க எழுத்துன்னு எனக்குத் தெரியும் சார். பொண்ணுக்காக நீங்க எழுதினதெல்லாம் என் கோப்புலதானே இருக்கு."

"அப்ப வாயைத் திறந்திருக்கலாமே?"

அதைக் காதில் வாங்காமல், மருந்துச் சீட்டைப் பார்த்தபடி சொன்னார்: "என் வேலைக்கு ரெண்டு இடம் இருக்கு சார். ஒண்ணு மூணு வருஷமா காலி. ஸ்கூல்ல இருந்து ஆள் கேட்டு மேலே ஒரு தடவைகூட எழுதலை. ஒரே ஆளை வச்சே சமாளிக்கிறாங்கன்னு மேலே நல்ல பேரு. என் பேரு வெளிய வந்தா அவ்வளவுதான், பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்து அந்த விண்ணப்பத்தின் கைப்பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசியில் ஒரு வரி அடித்திருந்தது: 'வேறொரு பிள்ளையின் நேரத்தை எடுக்காமல், இன்னோர் ஆசிரியரை நியமிக்க வேண்டுகிறேன்.' நான்தான் எழுதியிருக்கிறேன். நான்தான் அடித்திருக்கிறேன். ஏன் என்பதும் நினைவிருக்கிறது. கூடுதலாகக் கேட்கிறவனுக்கு எதுவும் கிடைக்காது. அப்படிக் கேட்டவர்களுக்கு 'இல்லை' எழுதியே பழகிய கை இது.

அவர் எனக்குச் செய்தது துரோகம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வரியை அடித்தது அவரில்லை.

மார்ச் 26, வியாழன்

டயர்க்கடைக்காரரிடமிருந்து செய்தி. மனைவி அவர் வீட்டில் பேசியிருப்பாள் போல. "புகார் எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் கையெழுத்துப் போடறேன் சார்."

பதில் அனுப்பவில்லை. போட்டால் முதலில் போவது அவர் மகனுடைய நேரம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மார்ச் 29, ஞாயிறு

ஒரே பக்கம். பதினோரு பிள்ளைகள், ஓர் ஆசிரியர், மூன்று வருடமாகக் காலியாக இருக்கும் இன்னோர் இடம். அதை நிரப்பச் சொல்லிப் பள்ளி எப்போது எழுதியது, அந்தக் கடிதத்தின் தேதி என்ன என்று ஒரு கேள்வி. டயர்க்கடைக்காரர் இல்லை. என் மகளும் இல்லை. நாற்காலியை எடுக்கத்தான் மனம் வரவில்லை, எடுத்துவிட்டேன்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் மதித்ததே இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் நேரே குப்பைக்கூடைதான். ஆனால் என் பெயரைப் போட்டால் இவர்கள் என்ன பதில் எழுதுவார்கள் என்று தெரியும்: 'தமது மகளுக்கான நேரம் நிறுத்தப்பட்டதால் ஏற்பட்ட மனவருத்தத்தில்...' நானாக இருந்தாலும் அப்படித்தான் தொடங்குவேன். பெயர் இல்லாவிட்டால் பதினோரு வீட்டில் எந்த வீடு என்று அவர்கள் தேட வேண்டும். அதனால் கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, பதினோரு வீடுகளுக்கும் ஒவ்வொன்று. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வரும். அந்தப் பதினோரு பேரில் நாலு பேராவது அலுவலகத்துக்குப் போய் அதே தேதியைக் கேட்கட்டும்.

உறைகளை ஒட்டிக்கொண்டே மனைவி கேட்டாள். "யார் எழுதினதுன்னு டயர்க்கடைக்காரருக்குத் தெரிஞ்சிடுமே?"

"தெரியட்டும். நான் அவரோட பேசமாட்டேன்."

கையெழுத்துப் போடவில்லை. நாளைக் காலை தபாலில் போகும்.