'மாக்' என்றால் என்னவென்று கேட்டீர்கள்

அக்கா,

இன்று ஏழாம் வகுப்பில் அகராதி பார்க்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு ஆங்கிலச் சொல். மலைமேல் பெரக்கரை நாட்டு ஊர் ஒன்றிலிருந்து வரும் பிள்ளை எழுந்து, "மாக்" என்று வாசித்தாள். "ஒத்திகையா செஞ்சு பாக்கறதுன்னும் இருக்குது, ஒருத்தரப் போலச் செஞ்சு கேலி பண்றதுன்னும் இருக்குதுங்க டீச்சர். எதை எழுதறது?"

இரண்டையும் எழுதச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்ட முதல் ஆள் நீங்கள். போன வருடம் பள்ளியில் தீ விபத்து ஒத்திகை நடந்தது. சத்துணவுக் கூடத்தில் புகை சூழ்ந்து சமையல்காரர் விழுந்துவிட்டதாக நடிக்க வேண்டும். சாம்பாருக்கு அரிந்துகொண்டிருந்த கையைத் துடைத்தபடி வந்தீர்கள்.

"மாக் ட்ரில்லுங்கறாங்களே, மாக்குன்னா என்னங்க டீச்சர்?"

"பொய்யா செஞ்சு பாக்கறதுங்க அக்கா."

"பொய்தானுங்களா? அப்ப நல்லாவே செஞ்சரலாம்."

நன்றாகவே செய்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, "ஐயோ சாமீ, மூச்சு வர மாட்டேங்குதே" என்று நீங்கள் முனகியபோது சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதே விட்டார்கள். வந்திருந்த அதிகாரிகள் கை தட்டினார்கள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, வெட்கத்தோடு அடுப்படிக்குப் போனீர்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் உங்களைப் போல முதலில் முனகிக் காட்டியது நான்தான். எனக்கு அது நன்றாக வந்தது. அந்த இழுப்பு, 'சாமீ'யில் குரல் உடைவது, எல்லாம். பிறகு தினமும் யாராவது கேட்பார்கள், நானும் செய்வேன். ஒருநாள் நீங்கள் டீயோடு வாசலில் நின்றிருந்தீர்கள். நான் நிறுத்தினேன். "நான் அப்படியாங்க கத்துனேன்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். சொல்லின் ஒரு பொருளை உங்களுக்குச் சொல்லிவிட்டு, இன்னொன்றை உங்கள் மேலேயே செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணிக்குப் பிறகு, என் வகுப்பு வாசலுக்கு வந்தீர்கள். முகம் வியர்த்திருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.

"டீச்சர், நெஞ்சு என்னமோ புடிச்சாப்ல இருக்குதுங்க."

பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு ட்ரில் இல்லீங்களே அக்கா" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நீங்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு போய்ப் பெரிய குண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

மறுநாள் காலை உங்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்துக்குத் தேவனூர் நாட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார்.

"ஆசுபத்திரிக்குப் போலாம் வான்னு அன்னிக்கே கூப்புட்டனுங்க. 'டீச்சர்கிட்டச் சொன்னேன், சிரிச்சாங்க. பெருசா இருந்தா அவங்க சிரிப்பாங்களா'ன்னுட்டுப் படுத்துட்டா."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "உங்க மேல அவளுக்கு அத்தன நம்பிக்கைங்க" என்று காபியை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அன்று நான் ஏன் சிரித்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சந்தையில் பார்த்தால் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்கிறார். "இருக்கேனுங்க" என்கிறேன். பஸ் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் இடத்தில் வேறொருவர் சமைக்கிறார். ஆசிரியர் அறையில் யாரும் யாரையும் போலப் பேசிக் காட்டச் சொல்வதில்லை.

உங்கள் குரலை நினைத்துப் பார்க்க எத்தனையோ முறை முயன்றுவிட்டேன் அக்கா. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல், என்னை அசந்து மறந்து 'கண்ணு' என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட குரல். ஒன்றும் வருவதில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிக்க நான் செய்து காட்டிய அந்தக் குரல்தான் வருகிறது.