ரோரி ஆமென் சொன்னான்

ஜன. 5, திங்கள்

பனி. கிளப் லீவு, மதுரை வீடு. காலை ஓட்டம் ரேஸ்கோர்ஸ் வரை, திரும்ப. இடது தொடையில் லேசான பிடிப்பு. ஐஸ் வைத்தேன்.

வாங்க: டேப், பிளேடு, அம்மாவுக்கு சுகர் மாத்திரை.

மதியம் ரோரியிடமிருந்து மெசேஜ். புதன்கிழமை மதுரை வருகிறானாம். முழங்காலில் ஜவ்வு கிழிந்ததால் கிளப் அவனுடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. ஸ்காட்லாந்து திரும்பும் முன் சில நாள் எங்கள் வீட்டில். "நீதானே கூப்பிட்டாய்" என்று கேட்டிருந்தான். கூப்பிட்டது உண்மை. சீசன் ஆரம்பத்தில், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா ஒரு பேச்சுக்கு.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடலாம். நானும் அவனும் ஒரே ஃபுட்பால் கிளப்பில் ஃபார்வர்டு. அவன் ஆடுவான், நான் பெஞ்ச். காரணம், அவன் என்னைவிட நன்றாக ஆடுகிறான். அப்பாவிடம் போனில் சொன்னது வேறு. பாஸ் தர மாட்டான், கோச்சுக்கு வெள்ளைத் தோல் என்றால் தனி மயக்கம், என்னை வளர விடக்கூடாது என்றே பார்க்கிறான். அப்பா மிஷன் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஸ்டாஃப் ரூமிலும் சர்ச்சிலும் இதையே சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவனை மரியாதையாக நடத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். அம்மாவுக்கு அவன் காரம் சாப்பிடுவானா என்ற கவலை.

ஜன. 7, புதன்

ஸ்டேஷனில் கூட்டம். பொங்கல் வருகிறதே. ரோரி எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்தான். செம்பட்டைத் தலை, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். என்னைக் கண்டதும் ஒரு ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டி, விழப் பார்த்தான்.

ஆட்டோக்காரர் கேட்டார், பந்து விளையாடி விழுந்தான் என்றேன். "இம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்தா ஒடையத்தான செய்யும்ணே" என்றார்.

அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. லாரி, லாரி என்கிறாள். அவன் அதற்கும் திரும்பிப் பார்க்கிறான்.

அப்பா தேய்த்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கை கொடுத்தார். சிரிக்கவில்லை. சாப்பிடும்போது, வகுப்பில் பேசுகிற அந்த இங்கிலீஷில் ஆரம்பித்தார். நவம்பர் மேட்ச். கடைசி நிமிஷங்களில் என் மகன் இறங்கினான். உன்னிடம் பந்து இருந்தது, அவன் தடுக்க ஆளில்லாமல் நின்றான். ஏன் கொடுக்கவில்லை?

ரோரி என்னைப் பார்த்தான். நான் கறித்துண்டை மென்றுகொண்டே இருந்தேன்.

நடந்தது இதுதான். அவன் திரும்பி என்னைத் தேடினான். நான் ஓடவில்லை. டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"மன்னிச்சிருங்க சார்," என்றான் ரோரி. "நான் குடுத்திருக்கணும்."

அப்பா தலையசைத்தார். ஜெயித்த முகம். நான் தண்ணீர் குடித்தேன்.

ஜன. 8, வியாழன்

வெயில் வந்த பிறகு மொட்டை மாடி. அம்மா வடகம் காயப்போட்டிருந்தாள். ரோரி காலை நீட்டி உட்கார்ந்து காக்கா விரட்டினான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர் உன் அப்பா, அவர் வீட்டுச் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும் என்றான். அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவன் கதை முழுதாக இன்றுதான் தெரியும். கப்பல் கட்டும் ஊர். அப்பா பஸ் டிரைவர். சின்ன வயதிலேயே உள்ளூர் கிளப் எடுத்துக்கொண்டது. பதினேழு வயதில் பெரிய டீமில் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். ஆலங்கட்டி மழை, கண் தெரியவில்லை, பந்து தலையில் பட்டு கோல். மறுநாள் பேப்பரில் அரைப் பக்கம் இவன் படம். அடுத்த வருஷம் மேனேஜர் மாறினார். அதன்பிறகு இரவல்தான். இந்தக் கிளப்புக்கு ஆறு மாதம், அந்தக் கிளப்புக்கு ஆறு மாதம். ஒரு இடத்தில் ஜெர்சியை அவனே துவைக்க வேண்டுமாம். பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் இந்தியா. இங்கே ஒரு சீசன் நன்றாக ஆடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று வந்தவன். இப்போது இருபத்திரண்டு. ஆபரேஷன் ஆனாலும் பழைய ஓட்டம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவோடு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகலாம் என்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்தே அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அவர், வா, உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

அவன் விழுந்த அன்று. கோச் கூப்பிடும் முன்பே நான் எழுந்து ட்ராக் சூட்டைக் கழற்றிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் இன்னும் உள்ளே வரவில்லை.

ஜன. 9, வெள்ளி

கோச் போன். அடுத்த மேட்ச் முதல் நீ ஆடுகிறாய், ரோரி இடம் உனக்கு என்றார். மாத்திரைக் கடை வாசலில் நின்று பேசினேன். சந்தோஷம். பாக்கிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். சொன்னபோது ரோரி வாசலில் செருப்பு மாட்ட முயன்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியுமாம். கோச் அவனிடம் கேட்டிருக்கிறார், அவன் என் பெயரைத்தான் சொன்னானாம்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். அவனும் உட்கார்ந்தான், காலை நாற்காலியில் தூக்கி வைத்து, கண்ணை மூடி. அப்பா ஜெபித்தார். அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, எங்க பிள்ளைக்கு முன்னாடி நின்ன தடையை நீரே எடுத்துப்போட்டீர். உமக்கு ஸ்தோத்திரம்."

தமிழில். அந்தத் தடை எனக்கு ஒரு முழம் தள்ளித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் அம்மா ஆமென் என்றாள். ரோரியும் சொன்னான், எல்லோரையும்விடச் சத்தமாக.

பிறகு கேட்டான், அப்பா என்ன ஜெபித்தார் என்று.

உன் காலுக்காக என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. ஓடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்து, டீக்கடையில் நின்றேன். டீ வாங்கவில்லை.

ஜன. 10, சனி

இட்லி, மல்லிச் சட்னி. ரோரி ஊன்றுகோலை ஊன்றி எழுந்து அப்பா முன்னால் நின்றான். என் காலுக்காக ஜெபித்ததற்கு நன்றி சார், இந்த நாட்டில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை என்றான்.

அப்பா கையில் டம்ளர். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

வண்டியை எடு என்றார் என்னிடம். எங்கே என்று கேட்கவில்லை. நத்தம் ரோட்டில் ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னார்.

"நான் அப்படி ஜெபிக்கலையே. ஏன்டா அவன்கிட்ட அப்படிச் சொன்ன?"

சொன்னேன். எல்லாம். அவன் பாஸ் கொடுக்கத்தான் பார்த்தான், நான்தான் ஓடவில்லை. பிராக்டிஸ் முடிந்து எனக்காகத் தனியாக நின்று இடதுகால் ஷாட் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். கோச்சிடமும் அவன்தான் என் பெயரைச் சொன்னது. பஸ்கள் போய்க்கொண்டே இருந்ததால் பாதியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அவன் கால் போனதுக்கு என்னைய ஸ்தோத்திரம் சொல்ல வச்சுட்டியேடா."

அவ்வளவுதான். திரும்பும்போது வண்டியில் என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜன. 11, ஞாயிறு

ரோரிக்கு மதிய விமானம். அப்பா சர்ச்சுக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

டாக்ஸி வந்த பிறகு அப்பா அவனை உட்காரச் சொன்னார். இங்கிலீஷில், மெதுவாக: அன்றைக்கு நான் உனக்காக ஜெபிக்கவில்லை. உன்னைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தேன். அனுமதித்தால் இப்போது செய்கிறேன்.

ரோரி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. சரி சார் என்றான். அப்பா தரையில் மண்டியிட்டார், வேட்டியோடு, அந்த முழங்கால் கட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து. நான் கதவோரம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா முறுக்கு டப்பாவோடு பின்னால்.

ஏர்போர்ட் வரை நானும் போனேன். இறங்கும்போது மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. அவன் என் தலையில் தட்டினான். "முதல் பந்து வரும்போது நிக்காத. ஓடு," என்றான். கோபமா, அன்பா, இரண்டுமா, தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கொஞ்ச நேரம் அந்தச் செம்பட்டைத் தலை.

நாளை மாலை கிளப்புக்குத் திரும்ப ரயில். டேப் வாங்க மறந்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெபம். அப்பா பைபிளை மூடிவிட்டு, இன்னைக்கு நீ பண்ணு என்றார். கண்ணை மூடினேன். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு டிவி கேட்டது. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பவர்போல. கடைசியில் அம்மாவே ஆமென் சொல்லிவிட்டு, குக்கரை இறக்க எழுந்து போனாள்.