சனிக்கிழமை அடுப்பு

4-2-1975, செவ்வாய்

திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. காளியப்பன் வந்தார். மழை பொய்த்து ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பாலக்கோட்டுச் சந்தைக்குப் பின்னால், பழைய கடலை மண்டியில் முகாம் நடத்தும் கமிட்டியின் செயலாளர். பெங்களூரிலிருந்து நான்கு யூதப் பெண்கள் வந்து அங்கே சமைக்கிறார்களாம். "மதம் மாத்த வந்தவங்களான்னு ஒரு வாரம் பாத்துச் சொல்லுங்க டீச்சர். நீங்க எம்.ஏ. படிச்சவங்க. நீங்க சரின்னாத்தான் கமிட்டி அரிசி குடுக்கும்."

எனக்கும் சந்தேகம்தான்.

5-2-1975

தலைவி ஹன்னாபாய், ரயில்வேக்காரரின் விதவை. கன்னடத்தில் பேசுகிறாள், முகாமில் பாதிப் பேருக்கும் எனக்கும் புரிகிறது. எதற்கு வந்தீர்கள் என்றேன். "வீட்டுல ரெண்டு பேருக்கு ஆக்கி அலுத்துப்போச்சு." சிரித்தாள். நான் நம்பவில்லை.

அவர்களுடைய பாத்திர ஆசாரம் வேறாம். அடுப்படிக்குள் யாரையும் விடுவதில்லை. முகாமில் இருக்கும் கோவிந்தம்மாள் வாசலில் நின்று கேட்கிறாள்: "ரெண்டு வெங்காயமாவது உரிக்கக் குடுங்கம்மா. உக்காந்து தின்னு தின்னு கை மரத்துப் போச்சு."

7-2-1975, வெள்ளி

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாளாம்; இன்று பொழுது சாய்ந்தால் நாளை இருட்டும்வரை தீ மூட்டமாட்டார்கள். அதனால் நாளைய சாப்பாட்டை இன்றே ஏற்றிவிட்டார்கள். கோதுமையும் பருப்பும் கிழங்கும் இரண்டு அண்டாவில்; மூடியைச் சுற்றி மாவு பூசி, கீழே தணல். காலைக்குள் தானாக வெந்துவிடுமாம். முகாமில் தங்கியிருக்கும் கிழவர் ஆண்டி காவல். மூடியைத் திறக்கக்கூடாது, தீயைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

மாலை ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தேன். பெண்கள் நால்வரும் தங்குமிடத்துக்குப் போய்விட்டார்கள். ஆண்டி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சுற்றிலும் சாக்கு, நடுவில் கணகணவென்று தணல்! புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலையா? இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். இதுவரை வெந்தது போதும் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

8-2-1975

வேகவில்லை. அரைவேக்காட்டுக் கோதுமை, புளித்த வாடை. குழந்தைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு தீக்குச்சிதானே!" என்றேன் ஹன்னாபாயிடம்.

"உயிர் போற பசின்னா நானே கிழிப்பேன். இது ஒரு வேளை. உங்களைக் கிழிக்கச் சொல்றதுக்கும் எங்களுக்கு முறையில்ல." கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அசையவில்லை.

கோவிந்தம்மாள் முன்னால் வந்தாள். "அவங்க ஒண்ணும் பத்த வெக்க வேணாம். எங்க சோத்துக்கு நாங்க பத்த வெச்சுக்கறம். நகருங்க." முற்றத்தில் மூன்று கல் கூட்டினார்கள், அவரவர் சட்டிபானை வந்தது. பதினொரு மணிக்குக் களி.

அதற்குள் காளியப்பன் ஆண்டியைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சுப்போட்டுத் தண்ணிய ஊத்துனயாடா கெழவா? திங்கக்கெழம காலையில மூட்டையக் கட்டு."

"சத்தியமா நான் தொடலீங்க சாமி. தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு வெளியிலதான் உக்காந்திருந்தன்."

நான் அங்கேதான் நின்றேன். ஏன் வாய் திறக்கல? எனக்கு ஐம்பது வயசாகப் போவுது. கெழவன் எங்க போவான்?

9-2-1975

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "சமையலறை கவனிப்பாரற்று—" அடித்துவிட்டேன்.

10-2-1975

முதல் பஸ்ஸில் போனேன். ஆண்டி மூட்டையோடு வாசலில் நின்றிருந்தார். தண்ணீர் ஊற்றியது நான் என்றேன். "வெளையாடாதீங்க டீச்சர்," என்று காளியப்பன் சிரித்தார். இரண்டாம் முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

ஆண்டி மூட்டையைக் கீழே வைத்தார். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு நாளா எங்கிட்ட ஒருத்தரும் பேசல."



ஹன்னாபாய் என்னைத் திட்டவில்லை. கோவிந்தம்மாளிடம் மட்டும், இனிச் சனிக்கிழமைச் சமையல் உங்களுடையது என்றாள். அறிக்கை இரண்டு வரி: யாரையும் மதம் மாற்றவில்லை. அரிசி கொடுக்கலாம்.

22-3-1975, சனி

முற்றத்தில் இப்போது நான்கு அடுப்பு. நானும் போகிறேன், முருங்கைக்கீரை உருவத் தருகிறார்கள். இன்று சும்மா அடுப்புப் பக்கம் நகர்ந்தேன்.

"டீச்சர், நீங்க அங்கயே உக்காருங்க," என்றாள் கோவிந்தம்மாள். "ஆண்டியண்ணா, அந்தக் கொடத்த எடுத்து உள்ள வெய்யி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டி வந்து குடத்தைத் தூக்கினார். அவரும் சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.