டீக்கடைக்காரர் வீட்டில் டீ கிடையாது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். இது நல்ல செய்தி சொல்லும் கடிதம்தான், பதறாதே. ஆனால் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்தில் சோதித்ததில் உன் பெண்ணுக்கு இரத்தச்சோகை என்று நான் எழுதியதும், அடுத்த சோதனைக்குள் தேறாவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பதில் போட்டாயே, எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு வெளியூர்த் தையல் ஆலையில் தனி ஆளாக நின்று சம்பாதிக்கிறவள், பெற்ற வயிறு, கோபம் வரத்தான் செய்யும். அதற்காக, உன் பிள்ளையை நான் பட்டினியா போட்டேன்? அவள் ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டாலும் எனக்கு அன்று சோறு இறங்காது. அது உனக்கும் தெரியும்.

சோதனையன்று பள்ளிக்கு வந்த டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார். எல்லாப் பிள்ளைகளையும் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார்கள், நம் வாயாடி குதிகாலைத் தூக்கித் திட்டு வாங்கினாள். எடை பார்க்கும்போது பாக்கெட்டிலிருந்து கூழாங்கல்லாக எடுத்து வெளியே வைத்தாளாம். உள்ளே வெளுத்திருக்கிறதா என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள், விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் விடுவேனா? கீரை, பருப்பு, முட்டை, காய் என்று பரீட்சையில் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். டாக்டரம்மாவுக்கே குழப்பம். இவ்வளவு சாப்பிடும் பிள்ளைக்கு ஏன் இரத்தம் ஏறவில்லை?

அப்போதுதான் உன் சீமந்த புத்திரி வாயைத் திறந்தாள். "சாப்பிட்டு முடிச்சதும் சித்தப்பா ஒரு டம்ளர் டீ தருவாங்க. ஸ்ட்ராங்கா! மூணு வேளையும்!" என்றாள், ஏதோ பரிசு வாங்கியது போல.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாதாம். "நீங்க ஒரு பக்கம் ஊட்டுறீங்க, அவர் இன்னொரு பக்கம் தடுக்கிறார்" என்றார். இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். டீயை அடியோடு நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டுமாம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஐயோ, அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "என் டீயையா சொன்னாங்க? இந்தத் தெருவே என் டீயிலதான் கண்ணு முழிக்குது" என்று குதித்தார். சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வாயாடி நேரே போய் அவர் இமையை இழுத்துப் பார்த்து, "சித்தப்பா, உங்களுக்கும் வெளுத்துதான் இருக்கு" என்று சொல்ல, மனிதர் அப்படியே அடங்கிப்போனார்.

அதன் பிறகு அவர் அடித்த கூத்து இருக்கிறதே! பள்ளி வாசலுக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு, சீருடை போட்ட பிள்ளைகளுக்கு டீ கிடையாது என்று சொல்லிவிட்டார். காலையில் டீயும் பிஸ்கட்டும் மட்டும் வயிற்றில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது பாய்லர் பக்கத்தில் அவித்த முட்டை, அவித்த கொண்டைக்கடலை, நறுக்கிய கொய்யா. தபால்காரர், "டீக்கடையா, ஆஸ்பத்திரியா?" என்று கிண்டல் செய்கிறார். வாயாடி அவர் இமையையும் விடவில்லை. வருகிற போகிற எல்லோர் கண்ணையும் இழுத்துப் பார்ப்பதே வேலை.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது, அக்கா. ஒரு நாள் மாலை கடைக்குப் போனேன். பாய்லருக்குப் பின்னால் உன் பெண் குந்திக்கொண்டு, யாரோ மிச்சம் வைத்த டீயை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறாள்! உதட்டுக்கு மேல் மீசை வேறு. எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. "நான் தேறலைன்னா அம்மா வந்துடுவாங்கல்ல சித்தி? நீங்க சித்தப்பாகிட்ட லெட்டர் படிச்சதைக் கேட்டேன்" என்றாள்.

ஓங்கிய கையால் அவளை அப்படியே அணைத்துக்கொண்டேன். இத்தனை நாளாக எங்களிடம் சிரித்துக்கொண்டு திரிந்த பிள்ளைக்குள் இப்படி ஒரு ஏக்கமா?

அங்கேயே அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "நீ தேறினாத்தான் அம்மாவை வரச் சொல்லி எழுதுவேன்" என்றேன். உன்னைக் கேட்கவில்லை, இவரைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பார்க்க வேண்டுமே அவள் சாப்பிடுவதை! கீரையை மறுபடி கேட்டு வாங்குகிறாள். மாத்திரையை அவளே ஞாபகப்படுத்துகிறாள். எலுமிச்சையை முகம் சுளித்துக்கொண்டே உறிஞ்சுகிறாள்.

நேற்று மறுபடி சோதித்தார்கள். இரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது, அக்கா! உயரமும் கூடியிருக்கிறது, இந்த முறை குதிகாலைத் தூக்காமலே. டாக்டரம்மா கன்னத்தைத் தட்டி, இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையை விட வேண்டாம் என்றார். இவர் கடைக்கு வந்த எல்லோருக்கும் நேற்று இலவசமாக டீ கொடுத்தார், பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு. வீட்டுக்கு வந்ததும் வாயாடி என் கையில் பேனாவைத் திணித்துவிட்டாள்.

தேறாவிட்டால் வருவேன் என்று எழுதியவள் நீ. தேறிவிட்டாள், வா. ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுப் போனாலும் சரி. கையோடு கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாலும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவோம் என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகக் கூடாது.

ஆலையில் நீ டீயும் பன்னும் தின்று பொழுதை ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு. வாயாடி தெருவில் எல்லோர் கண்ணையும் பார்த்துவிட்டாளாம், அம்மா கண்ணை மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லையாம். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை