மூணு மாச அரிசி

அக்கா வீட்டுக்குக் கிளம்பும் முன், ஜெரூஷா கணவன் காலேப்புக்கு ஒரு சீட்டு எழுதி அரிசி டிரம்மின் மூடியில் ஒட்டினாள்.

“என்னங்க, பள்ளிக்கரணையில அக்கா வீட்டுச் சேத்தை அள்ளப் போறேன். வர ரெண்டு நாளாகும். குழம்பு இருக்கு, சோறு நீங்களே வடிச்சுக்குங்க. அரிசியில வண்டு வந்திருக்கு. வெயில் அடிச்சா மாடியில காயவெச்சுப் புடைச்சிடுங்க. போன வாரம் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு அக்கா போன் பண்ணப்ப, ‘ஸ்டாக் நமக்கே மூணு மாசம்தான் வரும், வேற எங்கயாவது போகச் சொல்லு’ன்னீங்க. வண்டு மட்டும் உங்களைக் கேக்காமலே உள்ள வந்து உக்காந்து சாப்பிடுது.”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்.

“எலுமிச்சை ஊறுகாயில ஈரக் கரண்டி போட்டுடாதீங்க. மழைக்காலத்துல நமக்கு ஆகும்னு அக்கா போட்டுக் குடுத்தது.”